அரை நிமிடப் பேச்சுக்கு ஒரு கருவி

காரில் போனைக் கையில் எடுக்காமலே பேச எந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பழைய கார் வைத்திருப்பவர்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அதன் ஸ்டீரியோவில் புளூடூத் இல்லை. வேறு சிலருக்கு ஒரே வண்டி என்று கிடையாது. இன்று அப்பாவின் கார், நாளை அலுவலகக் கார், வெளியூர் போனால் வாடகைக் கார். இவர்களுக்கெல்லாம் வயரிங்கைத் தொடாமல் மாட்டி, கழற்றி, இன்னொரு வண்டிக்கு எடுத்துப் போகக்கூடிய சிறு கருவிதான் சரிப்படும். ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி, சன் வைசரில், அதாவது வெயிலை மறைக்க முன்கண்ணாடிக்கு மேலே இருந்து இறக்கும் தட்டில், கிளிப் போட்டு மாட்டுவது. ஜாப்ரா, பாரட் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து பெயர் பெற்றவை. இப்போது கேள்விப்படாத பெயர்களிலும் ஏராளமாக வருகின்றன.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது என்ன என்று பாருங்கள். புளூடூத் 5.3, 30 மீட்டர் தூரம், இத்தனை வாட், இத்தனை மணி நேரப் பேச்சு. இவை எதையும் நான் முதலில் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அழைப்பு வந்ததும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பொத்தானைத் தொட்டு, “வண்டி ஓட்டிட்டு இருக்கேன், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்” என்று சொன்னால், அது மறுமுனைக்கு முதல் தடவையே புரிய வேண்டும். அந்த அரை நிமிடத்தை ஒழுங்காகச் செய்கிற கருவி நல்ல கருவி. மணிக்கணக்கில் பேச வசதி செய்து தருவது என் கணக்கில் ஒரு சிறப்பே இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதமாக அரை நிமிடம் என்கிறேன்? கையில் போன் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. டொரண்டோவில் ரெடல்மயர், டிப்ஷிராணி என்ற இருவர், விபத்தில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை அலசி 1997இல் முடிவை வெளியிட்டார்கள். போனில் பேசும்போது மோதலுக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாக அந்தத் தரவுகளில் தெரியவில்லை. 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் ஓட்டுவது போன்ற ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். போனில் உரையாடியவர்கள் சிக்னலைத் தவறவிடுவது இரு மடங்குக்கும் மேலானது. போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே கதை. ரேடியோ கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, சிக்கல் காதில் விழும் ஒலியால் வருவதில்லை. பதில் யோசிக்க வேண்டியிருப்பதால் வருகிறது.

பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவதும் பேச்சுதானே என்று கேட்கலாம். அவர் சாலையைப் பார்க்கிறார். முன்னால் லாரி பிரேக் போட்டால் வாயை மூடிக்கொள்கிறார், சில சமயம் “பார்த்து, பார்த்து” என்கிறார். போனில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. அவர் கேள்வியை முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், அவசரம் தவிர மற்ற நேரங்களில் ஓட்டுநர்கள் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசுவதையும் சேர்த்துத் தடை செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. அந்த அளவுக்குப் போகும் மனம் இல்லாதவர்களும், பேச்சைச் சுருக்கிக்கொள்ள உதவும் கருவியையாவது தேடலாம். சரியாகக் கேட்காத பேச்சுதான் நீளும். “என்ன? என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க” என்று இரண்டு தடவை கேட்டாலே அரை நிமிடம் இரண்டு நிமிடமாகிவிடும். கூடவே காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருப்பதால் கவனமும் அந்தப் பக்கம் போய்விடும்.

அதனால் மைக்கிலிருந்து தொடங்குகிறேன். வாங்குபவர் இந்தக் கருவிகளை எடை போடுவது ஸ்பீக்கரை வைத்து, ஏனென்றால் அவர் காதில் விழுவது அதுதான். மைக் எப்படி என்பது மறுமுனையில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரும் பெரும்பாலும் சொல்ல மாட்டார். “கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு” என்று அம்மாவோ மனைவியோ சொன்னால்தான் உண்டு. வேலை விஷயமாகக் கூப்பிடுபவர் பொறுத்துக்கொண்டு, பாதி புரிந்து, போனை வைத்துவிடுவார்.

மைக்குக்கு முதல் எதிரி தூரம். வாயிலிருந்து தூரம் இரு மடங்கானால் மைக்கை எட்டும் குரலின் அழுத்தம் பாதியாகிறது, அதாவது 6 டெசிபல் இழப்பு. டயர், காற்று, எஞ்சின் இரைச்சலோ மைக்கை எங்கே வைத்தாலும் சுற்றிலும் இருக்கிறது. தலைக்குச் சற்று மேலே, முன்னால் இருக்கும் வைசர் நல்ல இடம் என்பது இதனால்தான். டேஷ்போர்டு தள்ளிப் போய்விடும். கியர் பக்கத்தில் இருக்கும் லைட்டர் சாக்கெட் அதைவிட மோசம். அங்கே ஏசி காற்று நேராக மைக்கில் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. காற்று படும் மைக்கை எந்த மென்பொருளாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. இரண்டு மைக் வைத்த கருவிகள் குரல் வரும் திசையைப் பிரித்தறிந்து மற்றதை அடக்கப் பார்க்கின்றன. நன்றாகச் செய்த இரட்டை மைக் உண்மையாகவே வித்தியாசம் காட்டும். ஆனால் “இரைச்சல் நீக்கம்” என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மட்டமான நீக்கம் இரைச்சலோடு சொல்லின் ஓரங்களையும் தின்றுவிடும். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலாகிவிடும்.

அடுத்தது எதிரொலி. இதில் ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால் குற்றம் பெரும்பாலும் மறுமுனைக் கருவியில். உங்கள் கருவி சரியில்லை என்றால் அவர் குரல் அவருக்கே திரும்பிக் கேட்கும். நடப்பது இதுதான். அவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது, கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் மைக்கில் விழுகிறது, போன வழியே அவருக்குப் போய்ச் சேருகிறது. நல்ல கருவி, தான் ஸ்பீக்கருக்கு அனுப்பிய ஒலி காருக்குள் சுற்றி மைக்குக்கு எப்படி வந்து சேரும் என்று தொடர்ந்து கணக்கிட்டு, அதை மைக் ஒலியிலிருந்து கழித்துவிடும். இந்தக் கழித்தல் ஸ்பீக்கர் சுத்தமாக ஒலிக்கும்வரைதான் சரியாக வரும். சத்தத்தை முழுதாகத் திருகி ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தால், அந்தக் கரகரப்பு கணக்கில் இல்லாத ஒலி. அது கழிபடாமல் மறுமுனைக்குப் போகும். வாட் எண்ணை நான் பார்ப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். நெடுஞ்சாலை வேகத்தில் முக்கால் சத்தத்திலேயே போதுமான அளவுக்குக் கேட்கிற ஸ்பீக்கராக இருக்க வேண்டும்.

மட்டமான கருவிகள் இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு குறுக்கு வழியில் போகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்தை அடைத்துவிடுகின்றன. நம் பேச்சுக்கு இது சுத்தமாக ஆகாது. எதிராளி பேசப் பேச நாம் ம் கொட்டுகிறவர்கள். “ம்”, “சரி”, “ஆமா”, “அப்புறம்” என்று இடையில் போட்டுக்கொண்டே இருப்போம். போடாவிட்டால் “லைன்ல இருக்கியா?” என்று கேள்வி வரும். அடைக்கிற கருவியில் நாம் ஒரு “ம்” சொன்னதும் அவர் குரல் நமக்கு வெட்டுப்படும், அல்லது நம்முடைய “ம்” அவருக்குப் போகவே போகாது. இரண்டுமே பேச்சை நீட்டும். காருக்குள் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சின் தரத்தை அளக்கவே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.1100, பி.1110 என்று பரிந்துரைகள் வைத்திருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகிறது என்பதும் அவற்றில் அளக்கப்படுகிறது. நாம் வீட்டிலேயே அளக்கலாம். ஒருவர் ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ண வேண்டும், காரில் இருப்பவர் நடுவில் “சரி, சரி” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எண்கள் விடுபடாமல் வந்தால் கருவி தேறிவிட்டது. பிறகு இடம் மாற்றி, காரில் இருப்பவர் எண்ணட்டும்.

இப்போது அந்த 5.3க்கு வருகிறேன். புளூடூத்தின் பதிப்பு எண்ணும் பேச்சின் தரமும் வேறு வேறு விஷயங்கள். 5ஆம் பதிப்போடு வந்த தூரமும் வேகமும் பெரும்பாலும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் “லோ எனர்ஜி” வகைப் புளூடூத்துக்கானவை. இந்த வகைக் கருவிகளில் அழைப்பின் குரல் வழக்கமாகப் பழைய வகை இணைப்பிலேயே போகிறது. குரலின் தரத்தைத் தீர்மானிப்பது ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல், சுருக்கமாக எச்எஃப்பி, என்ற விதித்தொகுப்பின் பதிப்பு. 2011இல் வந்த எச்எஃப்பி 1.6தான் அகன்ற அலைவரிசைப் பேச்சைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் குரலை எண்களாக மாற்ற விநாடிக்கு 8,000 தடவை அளந்தார்கள். அகன்ற வகையில் 16,000. பழைய தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். “ஸ” போன்ற ஒலிகளுக்கு உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் போனில் இரண்டு தடவை சொல்ல வேண்டி வருவது இப்படித்தான். ஆகவே பெட்டியில் “எச்டி வாய்ஸ்” (அகன்ற வகைப் பேச்சின் விற்பனைப் பெயர்) அல்லது எச்எஃப்பி 1.6, அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று தேடுங்கள். போனும் நெட்வொர்க்கும்கூட அதற்கு ஒத்துழைத்தால்தான் முழுப் பலன். கருவியே அந்தச் சங்கிலியை அறுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். 30 மீட்டர் தூரம் காருக்குள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வைசர் பெட்டி தவிர வேறு வழிகளும் உண்டு. லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற, போனின் ஒலியைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பாட்டுக்கு வசதி. அழைப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மைக் தூரத்தில் இருப்பது ஒன்று. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான இடம் பார்க்க வேண்டும், நீண்ட பயணத்தில் அந்த இடத்தில் வேறு வானொலி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது இன்னொன்று. மறுமுனைக் குரல் ரேடியோ வழியாக நாலு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் வருவதால் எதிரொலியைக் கழிப்பதும் கடினம். பக்கத்தில் நிற்கும் வண்டியின் ரேடியோவில் நம் வீட்டு விஷயம் கேட்கவும் இடம் இருக்கிறது. ஸ்டீரியோவில் வயர் மாட்டும் ஆக்ஸ் துளையில் செருகும் புளூடூத் ரிசீவர்களில் இந்த வானொலித் தொல்லை இல்லை, ஆனால் மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைக் காது ஹெட்செட்டில் மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் மறுமுனைக்குக் குரல் தெளிவாகப் போகும். ஓட்டும்போது காதை மூடுவதற்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு, அழைப்பு வந்த பிறகு அதைத் தேடி எடுத்துக் காதில் மாட்டுவது போனைக் கையில் எடுப்பதற்குச் சமம். வண்டியை எடுக்கும் முன்பே மாட்டிக்கொள்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

வைசரில் மாட்டுபவர்கள் கவனிக்க மறக்கிற ஒன்று உண்டு. வைசர் மேலே மடிந்திருக்கும்போது கருவி நம்மைப் பார்க்கிறது. மாலை வெயிலுக்கு வைசரை இறக்கினால் அது திரும்பி முன்கண்ணாடியைப் பார்க்கும். ஸ்பீக்கர், மைக், பொத்தான் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். வெயில் கண்ணில் அடிக்கிற, கவனம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் கருவி கைக்கு எட்டாமல் போகிறது. இதற்கு ஒரு வழி, பக்கத்து சீட் வைசரின் உள் ஓரத்தில், ஓட்டுநர் பக்கமாக மாட்டுவது. சற்றுத் தூரம்தான், ஆனால் இடம் மாறாது. எப்படியானாலும் கதவுக்கு மேலே, கூரை ஓரத்தில் மாட்டாதீர்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அங்கிருந்துதான் விரியும். அதே காரணத்துக்காக, பயணி ஏர்பேக் இருக்கும் டேஷ்போர்டு மூடியின் மேலும் எதையும் ஒட்டக் கூடாது. கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் மடியில் விழுகிற கருவி இல்லாததே மேல்.

நான் பணம் கூடக் கொடுத்தாவது வாங்கச் சொல்வது, தானே விழித்துக்கொள்ளும் வசதியுள்ள கருவியை. கதவு திறக்கும் அதிர்வை உணர்ந்து ஆன் ஆகி, போனைத் தேடி இணைந்துகொள்ளும், இறங்கிப் போன பிறகு தானே அணைந்துவிடும். ஜாப்ரா ஃப்ரீவேயில் இது இருந்தது, வேறு பலவற்றிலும் இருக்கிறது. தினமும் ஏறியதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றால் சில நாளில் மறந்துவிடுவோம். மறந்த அன்று போன் சட்டைப்பையில் அடிக்கும், கை அங்கே போகும். கருவி வாங்கியதன் நோக்கமே அத்தோடு போயிற்று. தானே அணைவதும் அதே அளவுக்கு முக்கியம். வாசலில் நிற்கும் காரில் கருவி விழித்தே இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் போன் அதோடு இணைந்தபடியே இருக்கும். அழைப்பை எடுத்து “ஹலோ, ஹலோ” என்று கத்துவோம், எதிராளி குரல் பூட்டிய காருக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். எடுக்க, வைக்க, சத்தம் கூட்டக் குறைக்க, இவை விரலுக்கே வித்தியாசம் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வழவழப்பான பரப்பில் இருக்கும் கருவி பார்க்க அழகாக இருக்கும், ஓட்டும்போது உதவாது. கூப்பிடுபவர் பெயரைச் சொல்லும் வசதி உண்மையில் நல்லது, திரையைப் பார்க்கும் ஆசையை அது குறைக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் சேமித்த பெயர்களை அந்தக் குரல் எப்படிச் சொல்கிறது என்று வாங்கும்போதே சோதியுங்கள். பெயருக்குப் பதில் வெறும் எண்ணைப் படித்தால், அடிக்கடி கூப்பிடும் நாலைந்து பேரின் பெயரை மட்டும் அது படிக்கும் எழுத்தில் மாற்றிச் சேமித்தால் போதும். பொத்தானை நீளமாக அழுத்தினால் போனின் சொந்தக் குரல் உதவியாளர் விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். கருவியின் சொந்தக் குரல் கட்டளைகளைவிட அது நம் உச்சரிப்பை நன்றாகவே புரிந்துகொள்கிறது என்பது என் அனுபவம்.

பேட்டரியில் எனக்கு மணிக்கணக்கைவிட வெப்பம்தான் கவலை. லித்தியம் அயன் பேட்டரியை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்வது பொதுவான விதி. அரிசோனாவில் கோடை வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரியையும் டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியிருந்தன. கண்ணாடியை ஒட்டிய வைசரில் நாள் முழுக்கத் தொங்கும் கருவி இந்தச் சூட்டில்தான் வாழ்கிறது. வெயிலில் நிறுத்தும் நாட்களில் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது கிளவ் பாக்ஸுக்குள் போடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் சார்ஜில் போட வேண்டாம், உள்ளே சூடு தணியட்டும். பேட்டரி உப்பிப் பெட்டியின் மூடி விலகியிருந்தால் அந்தக் கருவிக்கு ஆயுள் முடிந்தது, அன்றே மாற்றுங்கள்.

ஒரே காரை இருவர் ஓட்டினால், இருவர் போனும் பக்கத்தில் இருக்கும்போது கருவி யாரோடு இணைகிறது என்று பாருங்கள். கடைசியாக இணைந்த போனைத் தேடிப் போகும் கருவிகள் உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்பவையும் உண்டு. இரண்டு எண் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வகை நல்லது. கணவன் மனைவிக்கு அது சில நேரம் சங்கடம், பக்கத்தில் இருப்பவருக்கு வந்த அழைப்பு ஊருக்கே கேட்கும்.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒருவர் மறுமுனையில் வேண்டும். முதலில் வண்டி நிற்கும்போது எண்ணிப் பார்க்கும் சோதனை. பிறகு வேறு யாராவது ஓட்ட, நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து, ஏசி முழு வேகத்தில் ஒரு தடவை, கண்ணாடி சற்று இறக்கி ஒரு தடவை, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு தடவை, வைசரை இறக்கி ஒரு தடவை பேசுங்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரியாத ஒரு முகவரியைச் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். “நல்லா கேட்குது” என்ற சமாதானத்தைவிட, எழுதியது சரியா என்று பார்ப்பது நம்பகமானது. வாடகை வண்டியிலும் மாட்டுபவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கருவியைக் கழற்றிக்கொண்டால் போதும். கருவியையே இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், சில கருவிகள் உங்கள் போனிலுள்ள பெயர்களையும் எண்களையும் தம்முள் பிரதி எடுத்து வைத்திருக்கும். கொடுக்கும் முன் இணைப்புப் பட்டியலை அழித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அழிந்துவிடும், எந்த இரண்டு என்பது கையேட்டில் இருக்கும். போனின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அந்தக் கருவியின் பெயரை நீக்கிவிடுங்கள்.